ஏசர் ஆங்கில அட்டை: ஆய்வுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு தூரம் உதவும்?

பொருள் ஒரே ஒரு ஏ4 தாள். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், சின்ன எழுத்துகள், எளிய சொற்கள் கொஞ்சம், குட்டி வாக்கியங்கள் நான்கு. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. பிள்ளைகளின் வாசிப்பு நிலையைப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து லேமினேட் போட்டால் ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகும் காசுதான்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் ஓடுகிறது. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தின் பெயரோடு நிறுத்தாமல் அதன் ஒலியையும் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு நகருமா என்பதுதான் கேள்வி. கேள்வி என்னவோ சுலபம்தான். எந்தப் பிள்ளைகளை வைத்து அதைக் கேட்பது என்பதில்தான் பாதி உயிர் போகிறது. அந்த வேலைக்கு இந்த அட்டையை எடுத்துப் புழங்கியதில் தெரிந்ததை எழுதுகிறேன். எம்.எட். படிப்பவர்களுக்கும், செயலாய்வு (தன் வகுப்பறைச் சிக்கலை ஆசிரியரே ஆராய்வது) எழுதச் சொல்லிக் கடிதம் வந்து முழிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, அதிலிருந்து ஆய்வுக்கு எடுக்க வேண்டுமென்றால், இந்தச் செலவில் இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பாடம் முடிந்த பிறகு எவ்வளவு முன்னேறினார்கள் என்று அளக்க மட்டும் இதை நம்பி இறங்காதீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய கணக்கெடுப்புதான் ஏசர். ஊரக மாவட்டம் ஒன்றுக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு என்று தேர்ந்தெடுத்து, வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளையை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்கள். பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்கு ஏன் போகிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்கும் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால், பள்ளியில் அன்று வந்திருக்கும் பிள்ளையைத்தான் பிடிக்க முடியும். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை, வராமல் ஆடு மேய்க்கப் போன பிள்ளை, பெயரே சேர்க்காத பிள்ளை எல்லாரும் வீட்டில்தான் அகப்படுவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தாய்மொழி வாசிப்பும் கணக்கும்தான் இதில் பிரதானம். ஆங்கிலத்தைச் சில வருடங்களில் மட்டும் சேர்ப்பார்கள். 2022 அறிக்கையின்படி, நாடு முழுக்க ஊரகப் பகுதியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசித்தவர்கள் 24.5 சதவீதம். 2016இல் 24.7. ஆறு வருடத்தில் ஊசிமுனை அளவுகூட நகரவில்லை. நாலில் மூன்று பிள்ளைக்கு வாக்கியமே வாசிக்க வராது என்றால், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கேள்வித்தாள் தயாரித்து முன்தேர்வு வைப்பதில் என்ன பயன்? பெரும்பாலான பிள்ளைகள் பூச்சியத்தில் வந்து நிற்பார்கள். அந்தப் பூச்சியத்துக்குள்ளேயே எழுத்து தெரிந்தவன், தெரியாதவன், சொல்லைத் தட்டித் தடுமாறி வாசிப்பவள் என்று எல்லாரும் கலந்திருப்பார்கள். அட்டையின் பெரிய பலம் இந்த இடத்தில்தான். அடிமட்டத்திலேயே நான்கு படிகளைப் பிரித்துக் காட்டிவிடும்.

பயன்படுத்தும் முறை எளிது. ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பெரிய எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஐந்து எழுத்தைக் கேட்டு நான்கு சரியென்றால் அடுத்த படி. சின்ன எழுத்துக்கும் சொல்லுக்கும் அதே ஐந்துக்கு நான்கு. நான்கு வாக்கியத்தில் இரண்டையாவது திக்காமல் வாசித்தால் கடைசிப் படி. சொல்லோ வாக்கியமோ வாசித்த பிள்ளையிடம் அதன் பொருளையும் தமிழில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

'தனியாக' என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வராந்தாவில் வைத்துக் கேட்டால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஐந்தாறு தலை முளைக்கும், பதில் அங்கிருந்து வரும். முதல் பிள்ளை வெளியே போய் அடுத்த பிள்ளையிடம் "பஸ் கேட்பாங்க, சன் கேட்பாங்க" என்று சொல்லிவிடும். இதற்காகவே ஒரே வருட அட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி தருகிறார்கள். மாற்றி மாற்றிக் காட்டுங்கள். நேரம் என்று பார்த்தால் காலை உணவு முடிந்து பதினொரு மணிவாக்கில் சரி. மதிய உணவுக்கு அப்புறம் கேட்டால் பாதிப் பேர் கண்ணில் தூக்கம்தான் நிற்கும்.

வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளிகளில் பிள்ளைகள் "சி, ஏ, டி, கேட்" என்று எழுத்தைக் கூட்டிச் சொல்லித்தான் சொல்லுக்கு வருவார்கள். பாடப்புத்தகத்தில் பழகிய சொல் என்றால் அந்தப் பாட்டு மாதிரியே அருவியாகக் கொட்டும். அட்டைக்கு அது சரி, 'சொல்' படியில் டிக். எனக்கு அது போதவில்லை. என் ஆய்வே ஒலியைப் பற்றியது. அதனால் புத்தகத்தில் இல்லாத, பொருளே இல்லாத மூன்றெழுத்துக் கூட்டுகள் சிலவற்றைத் தனித் தாளில் எழுதி, சொல் படியைத் தாண்டிய பிள்ளைகளிடம் மட்டும் காட்டினேன். அருவியாகக் கொட்டியவர்களில் சிலர் அங்கே வாயடைத்து நின்றார்கள். உங்கள் ஆய்வும் ஒலி சார்ந்தது என்றால் இந்தச் சின்ன ஒட்டுவேலை இல்லாமல் அட்டையை எடுக்காதீர்கள்.

பொருள் கேட்கும் பகுதியில் ஒரு வேடிக்கை உண்டு. பஸ், பென், புக் மாதிரிச் சொற்களுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பிள்ளை நம்மை ஒரு மாதிரி பார்க்கும். "பஸ்ஸுன்னா பஸ்ஸுதான் மிஸ்." சரிதானே? குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி தேர்ந்தெடுக்கும் வேலைக்கு வருவோம். நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் முதலில் சொல்வது இதுதான்: "நல்லா படிக்கிற பிள்ளைங்களா பார்த்து எடுத்துக்கோங்க மேடம், வெளியில பேர் கெட்டுடப் போவுது." அவர் மேல் தப்பில்லை. பார்வைக்கு வருபவர்கள் எல்லாரும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் வகுப்பாசிரியர், "இந்த நாலு பேரையும் கூட்டிட்டுப் போயிடுங்க, கிளாஸ் நிம்மதியா நடக்கும்" என்பார். இருவருமே ஆய்வைக் கவிழ்த்துவிடுவார்கள். இந்த இடத்தில் லேமினேட் போட்ட அட்டை ஒரு கௌரவமான ஆயுதம். "எல்லாப் பிள்ளையையும் இதுல வாசிக்க வச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம் சார்" என்று காட்டினால் யாரும் மறுப்பதில்லை. வெளியிலிருந்து வந்த தாளுக்கு இருக்கும் மரியாதையே வேறு.

நான் பரிந்துரைக்கும் முறையைச் சொல்கிறேன். எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் இருக்கும் எல்லாப் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அன்று வந்தவர்களை மட்டும் எடுத்தால் போதாது. வராதவர்களுக்காக இன்னொரு நாள் ஒதுக்குங்கள், ஏனென்றால் அடிக்கடி வராத பிள்ளைதான் அட்டையில் கீழ்ப்படியிலும் இருக்கும். ஏசர்காரர்கள் வீட்டுக்கே போவதன் காரணத்தைப் பள்ளிக்குள் இப்படித்தான் ஓரளவு ஈடுகட்ட முடியும். எல்லாரையும் வாசிக்க வைத்தபின், படிவாரியாகப் பெயர்ச் சீட்டு எழுதி, படிக்கு ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொரு டம்ளரிலும் பாதிச் சீட்டு புதுமுறையில் படிக்கும் பாடக் குழுவுக்கு, மீதி பழையபடியே படிக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கு. இப்படிச் செய்தால் இரண்டு குழுவிலும் எழுத்தே தெரியாதவர்களும் வாக்கியம் வாசிப்பவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்துவிடுவார்கள். மொத்தமாகக் குலுக்கினால், சின்ன எண்ணிக்கையில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கணினியில் எண் போட்டும் குலுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் முன்னால் டம்ளரில் குலுக்குவதையே நான் விரும்புகிறேன். "என் பொண்ணு பேரு ஏன் வரல?" என்ற கேள்வி அதோடு பாதி அடங்கும். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அடுத்த பருவத்தில் அதே பாடம் உண்டு என்று சொன்னால் மீதியும் அடங்கும். சொன்னால் செய்யவும் வேண்டும்.

அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ இருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு எழுதுங்கள். எங்கள் பள்ளியில் பாடக் குழுவில் இருந்த அக்கா, ஒப்பீட்டுக் குழுவில் இருந்த தம்பிக்கு ராத்திரி கரண்ட் போன நேரத்தில் எல்லா ஒலியையும் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தாள். ஆசிரியையாகப் பார்த்தால் சந்தோஷம். ஆய்வாளராகப் பார்த்தால் தலைவலி.

ஆங்கில வழி, தமிழ் வழி என்று இரண்டு பிரிவு இருக்கும் பள்ளியென்றால் இன்னும் உஷார் வேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டதால், ஒரு பிரிவில் புதுமுறை, மறு பிரிவில் பழையமுறை என்று வைத்து ஒப்பிடும் ஆசை வரும். நிறைய ஆய்வேடுகளில் இந்த ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையை ஆங்கில வழியில் சேர்க்கும் பெற்றோர் ஏற்கெனவே வேறு மாதிரி: டியூஷன் வைத்திருப்பார்கள், வீட்டில் அண்ணனோ சித்தியோ படித்திருப்பார்கள். வருடக் கடைசியில் வரும் வித்தியாசம் உங்கள் முறையால் வந்ததா, அந்த வீட்டால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. அட்டையை இரண்டு பிரிவிலும் நடத்திப் பாருங்கள், தொடக்கத்திலேயே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் பிரிவுக்குள்ளேயே குலுக்கிப் பிரிப்பதுதான் வழி.

அட்டையை வைத்துச் செய்யக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும், பல பேர் செய்வதும் அதைத்தான். ஒருநாள் அட்டையைக் காட்டுவது, கீழ்ப்படியில் விழுந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பது, மூன்று மாதம் பாடம் நடத்துவது, அதே அட்டையைக் காட்டி "பாருங்கள், இத்தனை பேர் மேலே ஏறிவிட்டார்கள்" என்று எழுதுவது. முதல் நாள் கீழே விழுந்தவர்களில் உண்மையிலேயே எழுத்து தெரியாதவர்களும் இருப்பார்கள், காய்ச்சலோடு வந்தவன், காலையில் வீட்டில் அடி வாங்கி வந்தவள், புது ஆள் கேட்கிறார் என்று வாயே திறக்காதவர்களும் இருப்பார்கள். இந்த இரண்டாவது வகையினர் நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் அடுத்த முறை மேலே ஏறுவார்கள். அந்த ஏற்றத்தையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை. ஒரு வார இடைவெளியில் வேறு மாதிரி அட்டையோடு இரண்டாவது முறை கேளுங்கள். இரண்டிலும் ஒரே படியில் நின்றவர்களை நம்பி எடுக்கலாம். ஒப்பீட்டுக் குழுவும் அதே கூட்டத்திலிருந்தே வர வேண்டும். அப்போது தானாக ஏறுவது இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏறும்.

அளப்பதற்கு இது ஏன் ஒத்துவராது என்பதற்கும் காரணம் அந்த நான்கு படிதான். மூன்று சொல்லை வாசித்தவள் பாடம் முடிந்து நான்கு சொல் வாசித்தால் ஒரு படி ஏறிவிடுவாள். எழுத்து மட்டும் தெரிந்து, ஒரு சொல்கூட வராமல் இருந்தவன் இப்போது மூன்று சொல் வாசிக்கிறான், உண்மையில் அவன் உழைப்புதான் பெரிது, ஆனாலும் படி மாறவே மாறாது. நான்கு வாக்கியத்தையும் முதல் நாளே வாசித்துவிட்ட பிள்ளைக்கு அதற்கு மேல் ஏற இடமும் இல்லை. இதை அட்டையின் குறை என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராகப் போய் நாட்டு நிலவரம் பார்க்கச் செய்த கருவியை நாம்தான் வகுப்பறைக்குள் இழுத்து வந்திருக்கிறோம். அளப்பதற்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை எழுத்தொலி, எத்தனை சொல் என்று எண்ணும் ஈக்ரா (EGRA, தொடக்கநிலை வாசிப்புத் திறன் மதிப்பீடு) வகைத் தேர்வு பரவாயில்லை. அதுவும் இலவசமாகக் கிடைப்பதுதான், ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதவும், ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் பழகவும் நேரம் வேண்டும். இன்னொரு ஆசிரியரும் சேர்ந்து குறித்தால் நல்லது.

பேச்சு, கேட்டல் பற்றிய ஆய்வு என்றால் அட்டையைத் தொடவே வேண்டாம். வாசிக்கத் தெரியாத, ஆனால் டிவியும் யூடியூபும் பார்த்து ஆங்கிலத்தில் நிறம், விலங்கு, எண் எல்லாம் படபடவென்று சொல்லும் பிள்ளைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அட்டையில் அவர்கள் அடிமட்டம். கேம்பிரிட்ஜ் நிறுவனம் சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஸ்டார்ட்டர்ஸ் ஆங்கிலத் தேர்வின் மாதிரித் தாள்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. கேட்டல் 20 நிமிடம், பேச்சு ஐந்து நிமிடத்துக்குள் முடியும். படங்களில் இருக்கும் வீடும் தோட்டமும் நம் ஊர் மாதிரி இருக்காது என்பதைத் தவிர, பேச்சுக்கு அது ஒரு நல்ல வடிகட்டி.

எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கசப்பான கணக்கு. உங்கள் முறை நடுத்தர அளவு பலன் தருகிறது, அதாவது மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பாதியளவு வித்தியாசம் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதை வழக்கமான 5 சதவீத அளவுகோலில் (இல்லாத பலனை இருப்பதாக நினைத்து ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதம்), 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். திட்ட விலக்கத்தில் 0.8 பங்கு அளவுக்குப் பெரிய பலன் என்றால் 26 போதும். எங்கள் பள்ளி மாதிரி இடத்தில் நாலும் ஐந்தும் சேர்ந்தாலே முப்பதைத் தாண்டாது. எனவே பக்கத்துப் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும். அப்போது ஒரு பள்ளி முழுக்கப் புதுமுறை, அடுத்த பள்ளி முழுக்கப் பழையமுறை என்று பிரித்தால், ஆசிரியருக்கு ஆசிரியர் இருக்கும் வித்தியாசம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் டம்ளர் குலுக்குவதுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. நெறியாளரிடம் இந்த எண்களை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் அட்டை உதவாது, அது உங்கள் பாடு. கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் என்று மூன்றும் தனித்தனி. மருத்துவ ஆய்வுகளுக்கான 2017 ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறை, 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. வகுப்பறை ஆய்வுதானே என்று விடாமல் நான் அதையே அளவாக எடுத்துக்கொண்டேன். பிள்ளையிடம் கேட்பது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். "எனக்கு வேணாம் மிஸ், அந்த நேரத்துல பி.டி. பீரியடு" என்று சொல்லும் பிள்ளை உண்டு. விட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆய்வு செய்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பொங்கலை ஒட்டிச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பும் வீடுகள் இங்கே நிறைய. ஜூலையில் அட்டை காட்டி, ஜனவரிக்குப் பிறகு இறுதித் தேர்வு வைத்தால், கீழ்ப்படியிலிருந்த பிள்ளைகளில் பலர் இருக்க மாட்டார்கள். மிச்சம் இருப்பவர்களின் சராசரி தானாகவே உயர்ந்து நிற்கும், பார்ப்பதற்கு உங்கள் முறை அமோக வெற்றி மாதிரியும் தெரியும். தேர்ந்தெடுக்கும்போதே "பொங்கலுக்கு அப்புறம் ஊரில் இருப்பீர்களா" என்று வீட்டில் கேட்டு அட்டை நிலையோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். போகிற பிள்ளைகள் என்பதற்காக அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜூனில் ஆரம்பித்து அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஆய்வை முடித்துவிடலாம் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், அச்செடுக்கும்போது காகிதம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரே பக்கத்தில் இரண்டு மாதிரியைச் சுருக்கி அடிக்காதீர்கள். எழுத்து சிறுத்துப்போகும், கண்ணாடி தேவைப்பட்டும் போடாத பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டாவது இருக்கிறார்கள். அட்டையை மூக்கருகே கொண்டுபோகும் பிள்ளையைப் பார்த்தால் படியைக் குறிக்காமல் நிறுத்திவிட்டு, முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.